வராதீர்கள் என்றார்கள், பிறகு வாருங்கள் என்றார்கள்

காட்டுத்தீ பரவிக்கொண்டிருந்த 2023 ஆகஸ்ட் 19ஆம் தேதி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஓர் உத்தரவு போட்டது. கெலோனா, கம்லூப்ஸ், பென்டிக்டன், வெர்னன், ஆலிவர், ஒசோயூஸ் ஆகிய ஆறு ஊர்களுக்கு, அங்கே தங்கும் எண்ணத்தோடு யாரும் வரக் கூடாது. ஹோட்டல், மோட்டல், ஹாஸ்டல், கூடாரம் போடும் மைதானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். செப்டம்பர் 4 வரை அமலில் இருக்கும் என்றும் சொன்னார்கள். செப்டம்பர் 4 அங்கே தொழிலாளர் தினம், கோடை விடுமுறையின் கடைசி நாள். அதாவது சீசனின் கடைசி இரண்டு வாரத்தையும் அரசே இழுத்து மூடியது.

அதே செப்டம்பரில் அதே பகுதியின் சுற்றுலா அமைப்புகள் "இலையுதிர்காலத்துக்கு வாருங்கள், நாங்கள் திறந்துதான் இருக்கிறோம்" என்று அழைக்கத் தொடங்கின. வெளியிலிருந்து பார்த்த பலருக்கு இது உறுத்தியது. நேற்றுவரை எரிந்த ஊர், வீடு இழந்தவர்கள் இன்னும் விடுதி அறைகளில் இருக்கிறார்கள், அதற்குள் என்ன விளம்பரம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த இரண்டு அறிவிப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்றே நான் நினைக்கிறேன். முதல் அறிவிப்பு கொடுத்த அடியைத் தாங்கிக்கொள்ள இரண்டாவது தேவைப்பட்டது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வான்கூவரிலிருந்து கோக்கிஹாலா நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் கார் ஓட்டினால் ஒகனாகன் பள்ளத்தாக்கு வந்துவிடும். நடுவே 135 கிலோமீட்டர் நீளத்துக்கு, பாம்பு மாதிரி ஒடுங்கி நெளியும் ஏரி. வடக்கே வெர்னன், நடுவில் கெலோனா, தெற்கே பென்டிக்டன், அமெரிக்க எல்லையை ஒட்டி ஒசோயூஸ். இது சியில்க்ஸ் பழங்குடி மக்களின் பூர்வீக மண். கரையெங்கும் ஆப்பிள், செர்ரி, பீச் தோட்டங்கள், மேட்டில் திராட்சைத் தோட்டங்கள், அதற்கும் மேலே காய்ந்த பைன் காடு. பழத்தோட்டங்களில் நிறைய பஞ்சாபிக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக விவசாயம் செய்கின்றன. மாகாணத்தின் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஏரியில் படகும் கரையில் குடும்பங்களுமாக ஊர் நிரம்பி வழியும். விடுதி அறைகளை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவைத்திருப்பார்கள்.

ஜூலையும் ஆகஸ்டும்தான் அங்கே தீக்காலமும். மழை குறைந்து, காடு காய்ந்து, மின்னல் இறங்கும் மாதங்களில்தான் பயணிகளும் வருகிறார்கள். அறைகள் நிரம்பியிருக்கும் சமயத்தில்தான் உள்ளூர்க்காரருக்கு அறை தேவைப்படுகிறது. பனிக்காலத்தில் தீப்பிடித்திருந்தால் விடுதிகள் பாதி காலியாக இருந்திருக்கும், இந்த உத்தரவுக்கே அவசியம் வந்திருக்காது.

2023இல் அது எல்லாம் ஒரே வாரத்தில் வந்தது. கெலோனாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மேற்கு கெலோனாவின் மலைப்பக்கம் மெக்டூகல் க்ரீக் தீ ஆகஸ்ட் 15 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. 17ஆம் தேதி இரவு காற்று திரும்பியதும் தீ மலையிலிருந்து ஊருக்குள் இறங்கியது. கங்குகள் காற்றில் ஏரியைத் தாண்டி எதிர்க்கரையில் கெலோனாவின் வடபகுதியில் விழுந்தன. இத்தனை அகலமான நீர்ப்பரப்பு தடுத்துவிடும் என்று நம்பியிருந்த மக்கள் நள்ளிரவில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகமே காலி செய்யப்பட்டது. நூறு வருடத்துத் தீயை ஒரே இரவில் எதிர்த்து நின்றது போல இருந்தது என்று மேற்கு கெலோனாவின் தீயணைப்புத் தலைவர் ஜேசன் ப்ரோலண்ட் சொன்னார். ஏரியின் மேற்குக் கரையில் பல பத்தாண்டுகளாக விருந்தினர் வந்து தங்கிய லேக் ஒகனாகன் ரிசார்ட் எரிந்து போனது. இரு கரைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 190 மனைகளில் வீடுகளோ கட்டடங்களோ அழிந்தன அல்லது சேதமடைந்தன. பொதுமக்களில் ஒருவரும் சாகவில்லை. அது பெரிய விஷயம்.

அடுத்த நாள் மாகாண முதல்வர் டேவிட் ஈபி அவசரநிலை அறிவித்தார். 19ஆம் தேதிக்குள் மாகாணம் முழுக்க சுமார் 35,000 பேர் வெளியேற்ற உத்தரவின் கீழ் இருந்தார்கள். எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையில் இன்னும் 30,000 பேர். வடக்கே ஷுஷ்வாப் ஏரிப் பக்கம் இன்னொரு பெருந்தீ. அதற்கும் வடக்கே வேறொரு நிலப்பகுதியின் தலைநகரான யெல்லோநைஃப் சுமார் 20,000 பேரோடு முழுதாகவே காலியாகிக்கொண்டிருந்தது. இத்தனை பேரும் எங்கே தூங்குவது? தீயணைக்க வெளியூர், வெளிநாடுகளிலிருந்து வந்த வீரர்களும் எங்காவது படுக்க வேண்டும். அறைகளில் இருந்தவர்களோ விடுமுறைக்கு வந்தவர்கள். அவசரகால நிர்வாகத் துறை அமைச்சர் பவின் மா அந்த உத்தரவை அறிவித்தபோது காரணத்தை ஒளிக்கவில்லை. வெளியேறியவர்களுக்கும் தீயணைப்பவர்களுக்கும் அறை வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த அறை எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். இது பலருக்குத் தெரியாத பக்கம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவசரகால உதவிச் சேவை என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஊராட்சியும் நடத்துகிறது, செலவு மாகாணத்துடையது, முன்னே நிற்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வீட்டை விட்டுக் கிளம்பியவர் ஒரு வரவேற்பு மையத்துக்குப் போய்ப் பெயர் பதியலாம். பள்ளிக்கூடம், ஹாக்கி அரங்கம், சமூகக்கூடம் என்று எதுவும் மையமாகலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, "உறவினர், நண்பர் வீடு ஏதாவது இருக்கிறதா?" இல்லையென்றால் விடுதிக்கு ஒரு வவுச்சர் எழுதித் தருவார்கள். சாப்பாட்டுக்குத் தனி, துணிமணிக்குத் தனி. விடுதிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் போய்ச் சேரும். முதல் உதவி சில நாட்களுக்குத்தான். தீ அணையவில்லை என்றால் மறுபடி வரிசையில் நின்று நீட்டிக்க வேண்டும். ஏற்கெனவே முன்பதிவான அறையாக இருந்தால் இரண்டு இரவுக்குப் பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு விடுதிக்குப் போக நேரும். கைக்குழந்தையோடும் நாயோடும் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று விடுதி மாறுவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். பயணத் தடை இந்த அலைச்சலைத்தான் நிறுத்தப் பார்த்தது.

அந்த வாரத்தில் ஒரு சின்ன மோட்டலின் வரவேற்பு மேஜை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். தொலைபேசியில் கேன்சல் செய்ய வேண்டியவர், பணம் திரும்ப வருமா என்கிறார். எதிரே வவுச்சர் தாளுடன் ஒரு குடும்பம் நிற்கிறது. துணியில் புகை வாசம். வெளியே மத்தியானம் மூன்று மணிக்கே வானம் ஆரஞ்சு நிறம். காற்றுத் தரக் குறியீடு 10ஐத் தாண்டி, அளவுகோலின் கடைசிக்கே போய் நிற்கிறது. மேஜைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் வீடும் எச்சரிக்கைப் பகுதியில் இருக்கலாம். அறையைச் சுத்தம் செய்யும் ஆள் அன்று வரவில்லை, அவரே வெளியேறிவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் விருந்தினரைக் கவனிப்பவர் ஒரு சாரார், பேரிடரில் சிக்கியவர் வேறு சாரார் என்று கோடு போட முடியாது. பல நேரம் இருவரும் ஒரே ஆள்.

சரி, அறைதான் நிரம்பியதே, விடுதிக்காரருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நிரம்பிய விடுதிக்குப் பெரிய நஷ்டமில்லை. கட்டணம் குறைவு, ஆனால் நிச்சயமாக வரும். அடி விழுந்தது விடுதிக்கு வெளியே. சுற்றுலாப் பயணி இரவுக்கு அறை எடுப்பதோடு நிற்க மாட்டார். படகு வாடகைக்கு எடுப்பார், ஒயின் தோட்டத்தில் ருசி பார்த்து நான்கு பாட்டில் வாங்குவார், ஏரிக்கரை உணவகத்தில் சாப்பிடுவார், தோட்ட வாசலில் ஒரு பெட்டி பீச் வாங்கிக் கார் டிக்கியில் வைப்பார். வவுச்சரோடு வந்தவர் இதில் ஒன்றையும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது, அவர் தன் வீடு நிற்கிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறை நிரம்பி ஊர் காலியாக இருந்த வாரங்கள் அவை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. உத்தரவு ஆறு ஊர்களுக்குத்தான், அதிலும் தங்குவதற்கு மட்டும்தான். சில நாட்களிலேயே பெரும்பாலான இடங்களுக்கு அது விலக்கப்பட்டது. ஆனால் தடை போட்ட செய்தி உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் தீயின் படத்தோடு ஓடியது. விலக்கிய செய்தி அப்படி ஓடவில்லை. தடைக்கு ஒரு படம் உண்டு, விலக்கத்துக்குப் படமே கிடையாது. கேட்டவர் மனதில் நின்றது "ஒகனாகன் எரிகிறது, போகக் கூடாது" என்பது மட்டும்தான். பென்டிக்டன் நகரம் எரியவில்லை, ஆனாலும் ஆகஸ்ட் 27 அன்று நடக்க வேண்டிய அயர்ன்மேன் போட்டி ரத்தானது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று ஒரு நாள் முழுதும் நடக்கும் அந்தப் போட்டிக்கு வீரர்கள் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்குவார்கள். புகைக்குள் யாரையும் ஓடச் சொல்ல முடியாது, அறையும் இல்லை, ரத்து செய்தது சரியே. ஆனால் அந்த வாரத்தின் வருமானத்தை நம்பி ஆள் வைத்து, அரிசி பருப்பு வாங்கிப் போட்ட உணவகக்காரருக்கு யார் பதில் சொல்வது?

ஆகஸ்ட் 28 அன்று சம்மர்லேண்டுக்கு வடக்கே ஒரு பாறைச் சரிவு வேறு விழுந்தது. ஏரிக்கரை ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் 97ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. கெலோனாவிலிருந்து பென்டிக்டன் போக ஒரு மணி நேரம் ஆகும் பாதையில், மலைச் சுற்றுவழியில் பல மணி நேரம் அலைய வேண்டியிருந்தது. தீ, தடை, புகை, சாலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக.

இந்த இடத்தில்தான் இலையுதிர்காலம் வருகிறது. கோடையில் சேர்க்கும் பணத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சிறு தொழில்கள் பனிக்காலத்தைக் கடக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வாடகை, காப்பீடு, கடன் தவணை எல்லாம் ஜூலை, ஆகஸ்ட் காசிலிருந்துதான் போகும். ஆகஸ்ட் போய்விட்டது. மிச்சம் இருப்பது செப்டம்பரும் அக்டோபரின் முதல் பாதியும்தான். அக்டோபர் இரண்டாம் திங்கள்கிழமை கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள், நீண்ட வார இறுதி. அதற்குப் பிறகு குளிர் இறங்கிவிடும். ஆக, இலையுதிர்காலப் பயணத்துக்கு அழைப்பு விடுத்தவர்களுக்கு இருந்தது ஆறு, ஏழு வார அவகாசம்.

நல்லவேளையாக ஒகனாகனிடம் அந்த வாரங்களில் காட்டுவதற்கு நிஜமாகவே சரக்கு உண்டு. செப்டம்பரில் திராட்சை அறுவடை தொடங்கும். தோட்டத்துக்குள் நுழைந்தாலே நசுக்கிய திராட்சையின் புளித்த இனிப்பு வாசம் மூக்கில் ஏறும். மரத்தில் ஆப்பிளும் பேரியும் பறிக்கத் தயாராக இருக்கும். கெலோனாவின் நடுவே ஓடும் மிஷன் க்ரீக் ஓடையில் கொக்கனி என்ற மீன் முட்டையிட ஏறும். கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சால்மன் வகை அது. ஒரு முழங்கூட நீளமில்லாத மீன், முட்டையிடும் காலத்தில் ரத்தச் சிவப்பாக மாறி, முழங்கால் ஆழத் தண்ணீரில் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று வாலை அடித்துக்கொண்டிருக்கும். கரையில் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாக்கள் நிற்பார்கள். இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஆனால் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசிக்கும், பக்கத்துக் கடைக்கு வியாபாரம் நடக்கும்.

அழைப்பதில் ஒரு நயம் வேண்டியிருந்தது. சிரிக்கும் முகங்களும் நீல ஏரியுமாகப் பழைய விளம்பரத்தையே ஓட்டினால், வீடு இழந்தவருக்கு அது கன்னத்தில் அறைவது போல இருக்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வேலை போன பரிமாறுபவருக்குப் பதில் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் உபயோகப்படுவது துல்லியம்தான் என்பது என் எண்ணம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பகுதிக்குள் போகக் கூடாது, எரிந்த தெருவில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், எந்தத் தோட்டம் திறந்திருக்கிறது என்று ஊர் ஊராக, வாராவாரம் சொல்வது. முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே பெயரில் மூடியதால் வந்த நஷ்டத்தை, ஊர்ப் பெயர் சொல்லித்தான் சரிக்கட்ட முடியும். "ஒகனாகன் திறந்திருக்கிறது" என்பதைவிட "ஒசோயூஸில் புகை இல்லை, தோட்டங்கள் திறந்திருக்கின்றன" என்ற வரி அதிகம் வேலை செய்யும். வருகிறவருக்கும் பயம் தெளியும், இருக்கிறவருக்கும் மரியாதை.

அந்த மாகாணத்துக்கு இது முதல் தடவையும் அல்ல. 2017 கோடையில் கரிபூ பகுதி எரிந்தபோது வில்லியம்ஸ் லேக் நகரமே காலியானது. அங்கிருந்து கிளம்பியவர்களில் ஆயிரக்கணக்கானோரைத் தாங்கியது கம்லூப்ஸ். அந்த வருட அவசரநிலை ஜூலை 7 முதல் பத்து வாரம் நீடித்தது. 2021 ஜூனில் லிட்டன் கிராமம் 49.6 டிகிரி வெப்பத்தைத் தொட்டு, மறுநாளே எரிந்து சாம்பலானபோது அங்கிருந்து வந்தவர்களும் சுற்றுவட்டார ஊர்களின் விடுதிகளுக்குத்தான் போனார்கள். விடுதிகள் பேரிடர் கட்டமைப்பின் பகுதி ஆகி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அவற்றை நடத்துபவர்களுக்கு அந்த அந்தஸ்து கிடைக்கவில்லை. மருத்துவமனையைப் போல, தீயணைப்பு நிலையத்தைப் போல முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுதிவைத்த ஏற்பாடு இருந்தால், எந்த ஊரில் எத்தனை அறை எத்தனை நாளில் விடுவிக்கலாம் என்பது ஆகஸ்ட் 19க்கு முன்பே தெரிந்திருக்கும். ஆறு ஊர்களை ஒரே வரியில் மூட வேண்டி வந்திருக்காது.

அழைப்பு எப்போது விடலாம் என்ற கேள்விக்கு அதே ஆகஸ்டில் ஹவாயில் வேறு விதமான பாடம் கிடைத்தது. ஆகஸ்ட் 8 அன்று மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பக்கத்துக் கானபாலி கடற்கரை ஹோட்டல்களில் குடியேறினார்கள். அந்த ஹோட்டல்களின் ஊழியர்கள் பலர் லஹைனாவாசிகள். விருந்தினருக்குப் படுக்கை விரித்த அறையிலேயே இப்போது தாங்கள் குடும்பத்தோடு படுத்தார்கள். தீ நடந்து சரியாக இரண்டு மாதத்தில், அக்டோபர் 8 முதல் மேற்கு மாவியைச் சுற்றுலாவுக்குத் திறக்கிறோம் என்று ஆளுநர் ஜோஷ் கிரீன் அறிவித்தார். தீவில் வேலையிழப்பு பெருகிக்கொண்டிருந்தது, அவர் சொன்ன காரணம் பொய்யல்ல. ஆனால் மக்கள் கொதித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தள்ளிவைக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். இன்னும் பிணம் அடையாளம் காணாத வீட்டுக்காரரை லாபியில் காக்டெயில் ஏந்திக்கொண்டு சிரிக்கச் சொல்கிறீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். ஒகனாகனில் போனது வீடு, லஹைனாவில் போனது உயிர். துக்கத்தின் கனம் வேறு, அதனால் அழைப்பின் நேரமும் வேறாக இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் 2024 புத்தாண்டு தினத்தில் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் குலைத்தபோதும் இதே நெருக்கடி. வெளியேறியவர்கள் பலர் தெற்கே காகா வெந்நீரூற்று விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். மார்ச் 16 அன்று அந்த வழியே புதிய ஷின்கான்சென் அதிவேக ரயில் தடம் திறக்க இருந்தது. பல வருடம் காத்திருந்த நாள், முன்பதிவுகள் குவிந்திருந்தன. அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி தங்கியிருந்தவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அதே நாளில் அரசு அந்த வட்டாரத்துக்குப் பயணச் சலுகையும் தொடங்கியது. விடுதிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்கும் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் தற்காலிக வீடுகள் கட்டி முடியாத நிலையில் அறையை மட்டும் கேட்டால், நெருக்கடி விடுதியின் வரவேற்பு மேஜையில்தான் வந்து நிற்கும்.

ஒகனாகனுக்கே திரும்பி வருவோம். 2003 ஆகஸ்டில் கெலோனாவின் தெற்கே ஒரு மின்னல் பற்றவைத்த தீ 239 வீடுகளை அழித்தது. மேலே மைரா பள்ளத்தாக்கில் பழைய கெட்டில் வேலி (Kettle Valley) ரயில்பாதையின் 18 பாலங்கள் இருந்தன. பெரும்பாலானவை நூறு வருடம் முன்பு மரத்தூண்களை அடுக்கிக் கட்டியவை. அந்தத் தீயில் 12 மரப்பாலங்கள் விழுந்துவிட்டன. சுற்றுலாவுக்கு அது மறக்க வேண்டிய காட்சியாகவே போயிருக்கலாம். ஆனால் விடாமல் திருப்பிக் கட்டினார்கள், 2008இல் மறுபடி திறந்தார்கள். இன்று செப்டம்பரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து அங்கே போகிறவர்கள், புது மரக்கட்டைகளின் மேல் உருட்டிக்கொண்டே, கீழே சரிவில் கருகி நிற்கும் பழைய அடிமரங்களையும் அவற்றுக்கு இடையே தோளுயரம் வளர்ந்த இளம் பைன்களையும் பார்க்கலாம். எரிந்ததை மறைக்காமல் காட்டியே அந்தப் பாதை இத்தனை பேரை ஈர்க்கிறது.

2023இன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2022 டிசம்பரிலேயே கடும் குளிரில் திராட்சைக் கொடிகள் பாதிக்கப்பட்டு, 2023 விளைச்சல் முன்பே சுருங்கிப்போயிருந்தது. அந்தச் சின்ன அறுவடையைத்தான் தீக்குப் பிறகான அந்த இலையுதிர்காலத்தில் பறித்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி ஒரு கடுங்குளிர் இறங்கி மொட்டுகளை முழுசாக உறையவைத்தது. அந்த வருட விளைச்சல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பிற மாகாணத்துத் திராட்சையையும் அமெரிக்கத் திராட்சையையும் வாங்கி ஒயின் செய்ய அரசு தற்காலிக அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. அதனால் 2023 அக்டோபரில் வார இறுதிக்கு வந்து, கொடிகளுக்கு நடுவே நடந்து, இரண்டு பாட்டில் வாங்கிப் போனவர்கள் அங்கே தொங்கிய குலைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் அதே கொடிகளில் இலை மட்டும்தான் இருந்தது.